கலமும் தேறலும்: யவன மது வணிகத்தின் வழங்கல் தொடரும் அதன் சொற்களும்

1. முன்னுரை

ஒரு பொருள் விளையும் இடத்திற்கும் அது நுகரப்படும் இடத்திற்கும் இடையே அமையும் கைகள், கொள்கலங்கள், கிடங்குகள், வழிகள், ஒப்பந்தங்கள் ஆகியவற்றின் தொகுதியை இன்றைய வணிகவியலார் வழங்கல் தொடர் என்பர். இத்தொடர் செம்மையாக இயங்குவதற்குரிய காரணிகளைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் தற்காலத் தொழில்களையே எடுத்துக்கொள்கின்றன. ஆயின் திராட்சை மதுவைப் பொறுத்தவரை, தொலைவழி வழங்கலின் சிக்கல்கள் யாவும் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே எதிர்கொள்ளப்பட்டவை. மத்தியதரைக் கடற்கரையில் பிழியப்பட்ட மது, நைல் ஆறு, எகிப்தியப் பாலைவனம், செங்கடல், அரபிக்கடல் ஆகியவற்றைக் கடந்து இந்தியத் துறைமுகங்களை அடைந்தது.

திராட்சை மதுவுக்கு நான்கு இயல்புகள் உண்டு. அது ஆண்டிற்கு ஒருமுறை மட்டுமே விளைவது. நீர்மமாதலின் கலமின்றி நகராதது. காற்றும் வெப்பமும் பட்டால் காடியாகிவிடுவது. மூடியைத் திறவாமல் தரம் அறிய இயலாதது. இந்நான்கும் முறையே காலம், கலம், கைமாற்றம், நம்பிக்கை என்னும் நான்கு காரணிகளை முதன்மையாக்குகின்றன. இவை ஒவ்வொன்றும் யவன வணிகத்தில் எவ்வாறு செயற்பட்டன என்பதையும், அவற்றின் தடம் மொழியில் எவ்வாறு பதிந்துள்ளது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது. கலம், தேறல் என்னும் இரு தமிழ்ச் சொற்களுக்குப் பொருள் கொள்வதில் உரையாசிரியரும் மொழிபெயர்ப்பாளரும் செய்யும் தெரிவு, பொருளியல் வரலாற்றின் சான்றையே மாற்றவல்லது என்பது இதன்வழி பெறப்படும் கருத்தாகும்.

2. கலம்

உரோமானிய மது வணிகத்தின் அடிப்படை அலகு இரு பிடியும் கூரிய அடியும் உடைய மட்சாடி ஆகும். ஆம்போரா எனப்பட்ட இதன் வடிவங்களை ஐன்ரிக் திரெசல் என்னும் செருமானிய அறிஞர் 1899இல் வகைப்படுத்தி எண்ணிட்டார். அவ்வெண்களே இன்றும் தொல்லியலாரால் ஆளப்படுகின்றன. திரெசல் 1 எனப்படும் கனத்த இத்தாலியச் சாடி ஏறத்தாழ 25 லிட்டர் மதுவைக் கொண்டது. வெறுஞ்சாடியின் எடையும் ஏறத்தாழ 25 கிலோ ஆகும். அதாவது ஒவ்வொரு பயணத்திலும் சுமையின் பாதி மண்ணாகவே இருந்தது. கி.மு. முதல் நூற்றாண்டின் பிற்பகுதியில் இதன் இடத்தைப் பிடித்த திரெசல் 2-4 வகை, ஏறத்தாழ அதே அளவு மதுவைக் குறைந்த எடையில் சுமந்தது. கொள்கலத்தின் எடைக் குறைப்பு என்பது கண்டுபிடிப்பாகவன்றி வடிவ மாற்றமாகவே வந்து, தொடரின் செலவைக் குறைத்தது எனலாம்.

சாடியின் உட்புறம் பிசின் பூசப்பட்டது. மண்ணின் நுண்துளைகள் வழியே மது கசியாமல் காப்பதே இதன் நோக்கம். வாய் அடைப்பானால் மூடப்பட்டு, சாந்து பூசப்பட்டு, சில வேளைகளில் முத்திரையும் இடப்பட்டது. கூரிய அடி, கப்பலின் அடித்தளத்தில் சாடிகளை வரிசைக்கு மேல் வரிசையாக இடைவெளி பொருந்த அடுக்குவதற்கும், சாய்த்து ஊற்றும்போது இரண்டாவது பிடியாகவும் பயன்பட்டது.

இலத்தீனில் ஆம்போரா என்னும் சொல் சாடியை மட்டும் குறிக்கவில்லை. ஏறத்தாழ 26 லிட்டர் கொண்ட முகத்தலளவையையும் அது குறித்தது. கப்பலின் கொள்ளளவும் அச்சொல்லாலேயே கூறப்பட்டது. செனட்டர்கள் 300 ஆம்போராவுக்கு மேற்பட்ட கொள்ளளவுடைய கடற்கலம் வைத்திருத்தல் கூடாது எனக் கி.மு. 218ஆம் ஆண்டின் கிளாடியச் சட்டம் வரையறுத்தது. கலம், அளவு, கப்பல் என்னும் மூன்றும் ஒரு சொல்லைச் சுற்றி அமைந்திருப்பதைத் தமிழிலும் காணலாம். தமிழில் கலம் என்பது பாண்டம், மரக்கலம், முகத்தலளவை ஆகிய மூன்றையும் குறிக்கும். தொல்காப்பியத் தொகைமரபு அளவுப்பெயர்களின் மொழிமுதல் எழுத்துகளாக ஒன்பதைக் கூற, உரையாசிரியர்கள் அவற்றிற்குக் கலம், சாடி, தூதை, பானை, நாழி முதலானவற்றை எடுத்துக்காட்டாகத் தருவர். இவற்றுள் முதல் நான்கும் பாண்டப் பெயர்களே. கொள்கலத்தின் பெயர் அளவின் பெயராவதை நன்னூலார் கூறும் முகத்தலளவை ஆகுபெயரோடு ஒப்புநோக்கலாம். ஒரே அளவான கலம் திரும்பத் திரும்பப் புழங்கும் சமூகத்திலேயே இத்தகைய பொருள் விரிவு நிலைபெறும்.

3. காலம்

இத்தாலியில் திராட்சை அறுவடை இலையுதிர் காலத்தில் நிகழும். பிழிந்த சாறு பெருந்தாழிகளில் குளிர்காலம் முழுதும் நொதித்து, அடுத்த ஆண்டு வசந்தத்திலேயே திறக்கப்படும். உரோமானியர் ஏப்ரல் 23ஆம் நாளைப் புதுமது திறக்கும் விழாவாகக் கொண்டாடினர். குளிர்காலத்தில் மத்தியதரைக் கடலில் கப்பற் போக்குவரத்து பெரும்பாலும் நின்றிருக்கும். ஆகவே ஏற்றுமதி வசந்தத்திற்குப் பின்னரே தொடங்க இயலும்.

மறுமுனையில் காலத்தை வரையறுத்தது பருவக்காற்று. கி.பி. முதல் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பெயர் தெரியாத கிரேக்க வணிகர் ஒருவரால் எழுதப்பட்ட 'எரித்திரையக் கடல் பெரிப்ளஸ்', முசிறிக்குச் செல்வோர் எகிப்திலிருந்து சூலை மாத அளவில் புறப்பட வேண்டும் என்கிறது. கி.பி. 77இல் வெளியான பிளினியின் 'இயற்கை வரலாறு' வழியின் கால அளவுகளைத் தருகிறது. அலெக்சாந்திரியாவை அடுத்த துறையிலிருந்து நைல் வழியாகக் கோப்டோசுக்குப் பன்னிரண்டு நாள். அங்கிருந்து செங்கடல் துறையான பெரெனிகேவுக்கு 257 உரோமானிய மைல், அதுவும் பன்னிரண்டு நாள். செங்கடல் முகப்பிலுள்ள ஒகேலிசுக்கு முப்பது நாள். ஒகேலிசிலிருந்து முசிறிக்கு நாற்பது நாள் என்பது அவர் கணக்கு. பாலைவனப் பயணம் வெப்பத்தின் காரணமாகப் பெரும்பாலும் இரவிலேயே நிகழ்ந்தது என்றும் அவர் குறிப்பிடுகிறார்.

இக்கணக்குகளை ஒன்றுசேர்த்து நோக்கினால், ஏப்ரல் இறுதிக்கும் சூலைக்கும் இடைப்பட்ட குறுகிய காலத்துக்குள் புதுமது இத்தாலியிலிருந்து செங்கடற்கரைக்கு வந்துசேர்தல் வேண்டும் என்பது புலனாகும். தவறினால் அடுத்த பருவக்காற்றுக்காக ஓராண்டு, எகிப்தின் வெம்மையில் கிடங்கிலேயே கிடக்க நேரும். உரிய காலத்தில் ஏற்றப்பட்ட மதுவும் பிழியப்பட்டதிலிருந்து ஏறத்தாழ ஓராண்டு கழித்தே இந்தியக் கரையை அடையும். எனவே ஓராண்டுப் பயணத்தைத் தாங்கவல்ல மதுவே இவ்வணிகத்திற்கு உகந்தது.

கோஸ் தீவின் மது இவ்வகையில் சிறப்புற்றது. கடல்நீர் கலந்து செய்யப்பட்ட அம்மதுவின் உப்புத்தன்மை அதற்குத் தனிச்சுவையைத் தந்ததோடு, கெடாமல் காக்கவும் துணைசெய்தது. அரிக்கமேட்டுச் சாடிச் சில்லுகளை ஆராய்ந்த எலிசபெத் லைடிங் வில், அவற்றுள் கோஸ் வகைச் சாடிகளே மிகுதி எனக் கண்டார். உயர்ந்த மதுவைக் காட்டிலும் கெடாத மதுவே தொலைவழியை வென்றது என்று இதனைக் கொள்ளலாம்.

4. கைமாற்றம்

மேற்கூறிய வழியில் ஒரு சாடி கடற்கப்பல், ஆற்றுப்படகு, ஒட்டகம், மீண்டும் கடற்கப்பல், இறுதியில் உள்நாட்டுத் தோணி எனக் குறைந்தது ஐந்து ஊர்திகள் மாறியது. ஒவ்வொரு மாற்றமும் உடைவு, திருட்டு, தாமதம் ஆகியவற்றிற்கு இடமளிப்பது. இவ்விடர்களைக் கட்டுப்படுத்தியது எழுத்தே என்பதைச் சான்றுகள் காட்டுகின்றன.

கோப்டோசில் கிடைத்த நிக்கானோர் ஆவணங்கள் கி.பி. முதல் நூற்றாண்டைச் சார்ந்தவை. ஒரு போக்குவரத்துக் குடும்பம் செங்கடல் துறைகளுக்கு ஒட்டகங்களில் சரக்குகளைக் கொண்டுசென்று ஒப்படைத்தமைக்குப் பெற்ற இரசீதுகள் இவை. தாளில் அன்றி உடைந்த பானைச் சில்லுகளிலேயே எழுதப்பட்டவை. பெரெனிகேயில் 1994 முதல் நடைபெற்ற அகழாய்வுகளில் சுங்கவாயிலுக்குரிய சில்லுகள் பல கிடைத்தன. இன்னாருடைய இத்தனை சாடி மதுவை வாயிலில் செல்லவிடுக என்பதே அவற்றின் வாய்பாடு. சரக்கு எது, யாருடையது, எத்துணை என்னும் மூன்றே செய்திகள் கொண்ட இக்குறுஞ்சீட்டுகள் ஒரு கையினின்று மறுகைக்குப் பொறுப்பு மாறுவதைப் பதிவு செய்தன.

வியன்னாவிலுள்ள 'முசிறிப் பாப்பிரசு' 1985இல் பதிப்பிக்கப்பட்டது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சார்ந்த இக்கடன் ஒப்பந்தம் திரும்புவழிச் சரக்கைப் பற்றியது. நம்பகமான ஒட்டகக்காரரிடம் சரக்கை ஒப்படைத்தல், பாலைவனத்தில் காவல் வைத்தல், கோப்டோசுக் கிடங்கில் கடன் கொடுத்தோரின் முத்திரையின்கீழ் வைத்தல், அலெக்சாந்திரியாவில் நான்கிலொரு பங்கு வரி செலுத்துதல் ஆகியவை அதிற் பேசப்படுகின்றன. மதுவைப் பற்றியது அன்றாயினும், அதே வழியில் பொறுப்பு எவ்வாறு பங்கிடப்பட்டது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று இல்லை. இவ்வாவணத்திலும் மொழிபெயர்ப்புச் சிக்கல் ஒன்று உண்டு. முசிறியைச் சுட்டும் கிரேக்க முன்னிடைச்சொல்லை 'முசிறியில்' எனவும் 'முசிறிப் பயணத்திற்கான' எனவும் கொள்ளலாம். முதற்பொருள் கொண்டால் முசிறியில் கடன் ஒப்பந்தம் செய்யுமளவு யவனக் குடியிருப்பு இருந்ததாகும். இரண்டாம் பொருள் கொண்டால் அவ்வாறு கூற இவ்வாவணம் சான்றாகாது.

தொடரின் கடைசிப் பகுதி உள்நாட்டார் கையில் இருந்தது. பரூச் துறையின் வளைகுடா மணல்திட்டும் வேக ஓதமும் உடையது. எனவே அரசப் பணியிலுள்ள மீனவர் 'திரப்பகா', 'கொதும்பா' எனப்படும் பெரும்படகுகளில் வந்து கப்பல்களை வழிநடத்திச் செல்வர் எனப் பெரிப்ளஸ் கூறுகிறது. கிரேக்க நூலாசிரியர் இப்படகுகளுக்குத் தம் மொழியில் பெயரிடாமல் உள்நாட்டுப் பெயரையே ஒலிபெயர்த்திருப்பது கருதத்தக்கது. முசிறியில் கப்பல் கொணர்ந்த பொன் கழித்தோணிகளால் கரைசேர்க்கப்பட்டதைப் புறநானூற்றின் 343ஆம் பாடல் காட்டுகிறது. பெருங்கப்பல் ஆழ்கடலுக்குரியது, கரையை அடைவது தோணியின் செயல்.

இத்தொடரில் தமிழர் வாங்குவோராக மட்டும் இருந்திலர். செங்கடல் துறையான குசேர் அல்-காதிமில் கிடைத்த சேமிப்புச் சாடிச் சில்லொன்றில் 'பானை ஒறி' என்னும் தமிழ்-பிராமி எழுத்து இருமுறை பொறிக்கப்பட்டுள்ளதை ஐராவதம் மகாதேவன் படித்தளித்தார். ஒறி என்பது பானையைத் தாங்கும் உறியோடு தொடர்புடையதாகக் கொள்ளப்பட்டது. பெரெனிகேயில் 1995இல் கிடைத்த யவனச் சாடிச் சில்லொன்றில் 'கொற்றபூமான்' என்று படிக்கப்பெற்ற தமிழ் ஆட்பெயர் உள்ளது. யவனக் கலத்தின்மீது தமிழ்ப் பெயர் எழுதப்பட்டமை, அவ்வழியில் தமிழரும் உடைமையாளராகவோ வணிகராகவோ இடம்பெற்றிருந்தனர் என்பதற்குக் குறிப்பாகும்.

5. நம்பிக்கையும் பெயரும்

மூடிய சாடியை வாங்குவோன் உள்ளிருக்கும் பொருளின் தரத்தை எவ்வாறு நம்புவது? பண்டைய வணிகம் இதற்குக் கண்ட விடை ஊர்ப்பெயர். பரூச் துறையின் இறக்குமதியைக் கூறுமிடத்துப் பெரிப்ளஸ், மதுவை இத்தாலிய மது, லவோதிக்கேய மது, அரேபிய மது என மூன்றாகப் பிரித்து, முதலாவதே முதன்மையானது என்கிறது. பெரெனிகேச் சுங்கச் சில்லுகளில் 'இத்தாலிக்கா', 'லாதிக்கேனா' போன்ற வடிவங்கள் வருகின்றன. 'சாடிகள்' என்னும் பெயர் தொக்கு, ஊரால் வந்த பெயரடையே எண்ணி அளக்கப்படும் பொருட்பெயராக நின்றது. சுங்க எழுத்தர்க்கு அது நன்கு விளங்கியிருத்தல் வேண்டும். அன்றேல் அவ்வாறு சுருக்கி எழுத இயலாது.

இம்முறை யவனருக்கே உரியதன்று. கௌடலியரின் 'அர்த்தசாத்திரம்' மது கண்காணிப்பாளரைப் பற்றிய பகுதியில் திராட்சைச் சாற்று மதுவை வரையறுத்து, காபிசாயனம், ஆரஹூரகம் ஆகிய அதன் பெயர்கள் அது விளையும் நாட்டைக் கொண்டு அமைந்தன என விளக்குகிறது. இன்றைய ஆப்கானித்தானிலுள்ள காபிசி என்னும் ஊர்ப்பெயரினின்று காபிசாயனம் என்னும் சொல் பிறக்குமாற்றைப் பாணினி தனி நூற்பாவில் விதித்துள்ளார். காசிகை உரை அதற்கு எடுத்துக்காட்டாக மதுவையும் திராட்சையையும் தருகிறது. இலக்கணநூலில் தனி விதி வேண்டுமளவு அப்பெயர் வழக்கில் நிலைபெற்றிருந்தது. இன்றும் ஷாம்பெயின், போர்ட் ஆகிய பெயர்கள் ஊர்ப்பெயர்களினின்று வந்தவையே.

பெயர் நம்பிக்கையைத் தாங்குமெனில், போலியையும் தாங்கும். இத்தாலியிலேயே கோஸ் மதுவைப் போன்ற மதுவைக் கடல்நீர் கலந்து செய்யும் முறையைக் கி.மு. இரண்டாம் நூற்றாண்டினரான கேட்டோ தமது வேளாண் நூலில் தருகிறார். கோஸ் சாடியின் இரட்டைத்தண்டுப் பிடியும் இத்தாலியில் பின்பற்றப்பட்டது. மேலே குறித்த திரெசல் 2-4 வகை அவ்வாறு தோன்றியதே. சுவையோடு கலத்தின் வடிவும் படியெடுக்கப்பட்டமை, வாங்குவோர் கலத்தைக் கொண்டே மதுவை இனங்கண்டனர் என்பதை உணர்த்துகிறது.

தேவையின் அளவும் ஒரு காரணியாகும். முசிறிப் பகுதியில் மது மிகுதியாக விலைபோகவில்லை என்பது பெரிப்ளஸ் தரும் செய்தி. அங்குக் கொணரப்பட்ட தானியம் கப்பலோடு தொடர்புடைய யவனருக்கே என்றும், உள்ளூர் வணிகர் அதனைப் பயன்படுத்துவதில்லை என்றும் அந்நூல் கூறுகிறது. மதுவின் ஒரு பகுதியும் அத்தகையோர்க்கே உரியதாயிருக்கலாம். பரூச்சில் அரசனுக்கென உயர்தர மது தனியே குறிக்கப்படுகிறது. ஆகவே இந்தியாவில் யவன மதுவின் நுகர்வு இரு முனைகளில், அதாவது அரண்மனையிலும் அயலார் குடியிருப்பிலும், செறிந்திருந்தது எனக் கருதலாம்.

6. இரு சொற்களின் பொருள்

இப்பின்னணியில் புறநானூற்றின் 56ஆம் பாடல் நோக்கத்தக்கது. மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார், பாண்டியன் இலவந்திகைப் பள்ளித் துஞ்சிய நன்மாறனைப் பாடிய இப்பாடல், யவனர் தந்த குளிர்ந்த, நறுமணமுடைய தேறலை மகளிர் பொற்கலத்தில் ஏந்தி ஊட்ட, அரசன் இனிது மகிழ வாழ்த்துகிறது. இங்குத் தேறலோடு இணைந்து வரும் 'நன்கலம்' எது என்பதே வினா.

பழைய உரையாசிரியர் அதனைக் குப்பி எனக் கொண்டார். அவ்வுரைக்கு அரண் பாடலுக்குள்ளேயே உள்ளது. அடுத்து வரும் பொற்கலம் ஐயத்திற்கிடமின்றிப் பாண்டமே. அதனையும் புலவர் கலம் என்றே குறிக்கிறார். ஆயின் அகநானூற்றின் 149ஆம் பாடலில் எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் முசிறித் துறையைப் பாடும்போது, அதே 'நன்கலம்' என்னும் சொல் யவனரோடு சேர்ந்து வருகிறது. அக்கலம் பொன்னொடு வந்து கறியொடு மீள்வது. ஆதலின் அது மரக்கலமே. ஒரே சொல், ஒரே அடை, ஒரே மக்கள்; எனினும் பொருள் வேறு.

இரு பொருளும் இலக்கணத்திற்கு முரணன்று. ஆயினும் சான்றின் தன்மை மாறுகிறது. கப்பல் எனக் கொள்வோர்க்குப் பாடல் கடல்வழி வணிகத்தின் சான்று. அது பிற பாடல்களாலும் அறியப்படுவதே. பாண்டம் எனக் கொள்வோர்க்குப் பாடல் வேறொரு செய்தியைத் தருகிறது. மது தனக்கேயுரிய கலத்தில், பிரிக்கப்படாமல் அரண்மனைவரை வந்தது என்பதும், அக்கலமே பாராட்டத்தக்க அடையாளமாக மதிக்கப்பட்டது என்பதும் அதனால் பெறப்படும். முந்தைய பகுதிகளில் கண்ட சாடியின் இடத்தை நோக்கின் இரண்டாவது பொருளே இப்பாடலுக்குச் சிறக்கும் எனத் தோன்றுகிறது. ஆங்கிலம் முதலிய மொழிகளில் கப்பலுக்கும் சாடிக்கும் வெவ்வேறு சொற்களைத் தேர வேண்டியிருப்பதால், பெயர்ப்பாளர் ஒரு பொருளைத் தெரிந்துகொண்டே ஆக வேண்டும். தெரிந்துகொண்டதைக் குறிப்பில் சுட்டாவிடின், அப்பெயர்ப்பைக் கொண்டு வரலாறு எழுதுவோர்க்கு மற்றப் பொருள் மறைந்தேபோகும்.

தேறல் என்பதும் இத்தகையதே. தேறு என்னும் வினையடியாகப் பிறந்து, தெளிந்தது என்னும் பொருள் தரும் இச்சொல் திராட்சை மதுவுக்கென அமைந்ததன்று. மலைநாட்டு மக்கள் மூங்கிற் குழாயில் முதிரவைத்த உள்நாட்டு மதுவும் திருமுருகாற்றுப்படை, மலைபடுகடாம் ஆகியவற்றில் தேறல் எனப்படுகிறது. மூங்கிற் குழாயில் விளைந்ததும் யவனர் கலத்தில் வந்ததும் ஒரே பெயர் பெற்றன. வேறுபாட்டைக் காட்டுவன கலமும் தந்தோரின் பெயருமே. பெரெனிகேச் சுங்க எழுத்தரும், கௌடலியரும், நக்கீரனாரும் தம்முள் தொடர்பின்றியே ஒரே முறையைப் பின்பற்றியுள்ளனர். மதுவைக் குறிக்கும் கிரேக்கச் சொல் சங்கத் தமிழில் கடன்சொல்லாக இடம்பெறாமையும் இதனால் விளங்கும். இஞ்சியின் பெயர் பாகத வடிவின் வழியே கிரேக்கத்திற்குச் சென்றது. அங்கு அப்பொருளுக்கு ஒத்த உள்நாட்டுப் பொருள் இல்லை. தமிழிலோ தெளிந்த மதுவுக்குச் சொல் முன்னரே இருந்தது. ஆகவே பொருள் வந்தது, பெயர் வரவில்லை.

7. சில்லுகளுக்கு இட்ட பெயர்

சொல்லைத் தெரிவதால் வரலாறு மாறுவது பாடல்களுக்கு மட்டும் உரியதன்று. மார்ட்டிமர் வீலர் 1945இல் அரிக்கமேட்டை அகழ்ந்து, 1946இல் வெளியிட்ட அறிக்கையில் அதனை இந்திய-உரோமானிய வணிக நிலையம் எனப் பெயரிட்டார். அதன்பின் இந்தியாவின் பல இடங்களில் கிடைத்த கூரடிச் சாடிச் சில்லுகள் உரோமானிய ஆம்போரா எனக் குறிக்கப்பட்டன. அவற்றை மறுபடி ஆராய்ந்த இராபர்ட்டா டாம்பர், அவற்றுட் சில மெசபொத்தேமியப் பகுதியைச் சார்ந்த, நிலக்கீல் பூசப்பட்ட வேறுவகைச் சாடிகள் என 2007இல் காட்டினார். அவை பெரும்பாலும் பிற்காலத்தவை. ஒரு பெயர்ச்சீட்டு மாறியதும், உரோமுடன் நிகழ்ந்ததாகக் கருதப்பட்ட வணிகத்தின் ஒரு பகுதி பாரசீக வளைகுடாவுக்கு உரியதாயிற்று. காலமும் சில நூற்றாண்டுகள் பிற்பட்டது. இலவந்திகைப் பாடலின் கலத்தை ஆராயும் உரையாசிரியரும், சில்லைக் கையிலெடுக்கும் தொல்லியலாரும் செய்வது அடிப்படையில் ஒரே செயலாகும்.

8. முடிவுரை

யவன மது வணிகத்தின் வழங்கல் தொடரைத் தாங்கியவை நான்கு எனக் கண்டோம்: எடை குறைந்த, கசியாத கலம், பருவக்காற்றோடு இயைந்த காலக்கணக்கு, கைமாறும் ஒவ்வோரிடத்தும் பொறுப்பைப் பதிந்த எழுத்து, தரத்திற்கு உறுதிகூறிய ஊர்ப்பெயர். இவற்றுள் முதலிரண்டும் மண்ணாலும் காற்றாலும் அமைந்தவை. பின்னிரண்டும் மொழியால் அமைந்தவை. சரக்கும் கப்பலும் அழிந்தபின் எஞ்சியிருப்பவற்றுள் சொற்களும் சில்லுகளுமே மிகுதி. ஆதலின் வணிகச் சொற்களைப் பெயர்ப்போர் கலம், சாடி, குப்பி, தோணி போன்றவற்றைப் பொதுச்சொற்களாகக் கருதிக் கடந்துசெல்லாமல், அவ்வச் சூழலில் அச்சொல் எத்தகைய பொருளைச் சுட்டியது என்பதை ஆராய்ந்து, தெரிவுக்கான காரணத்தைக் குறிப்பில் தருதல் வேண்டும். சங்க இலக்கியச் சொல்லடைவுகளில் பாண்டப் பெயர்களும் மதுப்பெயர்களும் தொல்லியல் முடிவுகளோடு இணைத்து மறுபடி தொகுக்கப்படுமாயின், இலக்கியத்திற்கும் பொருளியல் வரலாற்றிற்கும் ஒருங்கே பயன் விளையும்.